பழைய காருக்கு ஹீட்டர்: பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

பழைய காரில் ஹீட்டர் வைப்பது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் தேடி ஓடுவது ஹீட்டர் பெட்டியைத்தான். எத்தனை கிலோவாட், எத்தனை காற்று வாய், எத்தனை வேகம் என்று அலசி ஆராய்ந்து வாங்கிவிடுவார்கள். அதற்குச் சுடுநீர் எங்கிருந்து வரும், காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும், மின்சாரத்தை யார் கொடுப்பது என்பதெல்லாம் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வரும். நான் பார்த்தவரை இந்த வேலையில் பெட்டியின் பங்கு கால்வாசி. மிச்சமெல்லாம் பெட்டிக்கு வெளியே கிடக்கிறது.

என்னுடையது 1960-ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் 1000. 948 சிசி ஏ-சீரிஸ் இன்ஜின். அந்தக் காலத்தில் ஹீட்டர் என்பது தனியாகக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பொருள். என் காரை முதன்முதலில் வாங்கிய புண்ணியவான் அந்தக் காசை மிச்சம் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு நண்பர்களின் வண்டிகளிலும் கை வைத்திருக்கிறேன்: ஒரு லேண்ட் ரோவர் சீரிஸ் 2, ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில், டீசல் ஹீட்டர் பொருத்திய ஒரு பழைய வேன். கீழே சொல்வதெல்லாம் இவற்றிலிருந்து வந்தது.

முதலில் ஒரு கணக்கு. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் 12 வோல்ட் ஹீட்டர்கள் பெரும்பாலும் 150 வாட் வகை. அதற்கே 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இன்ஜின் நீரில் வேலை செய்யும் சாதாரண ஹீட்டர் தருவது 3,000 முதல் 5,000 வாட் வரை. அதாவது இருபது, முப்பது மடங்கு. சரி, மின்சாரத்திலேயே பெரியதாக ஒன்று வைத்துவிட்டால்? 1,000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் வேண்டும். என் காரில் மின்சாரம் தயாரிக்கும் லூகாஸ் சி40 டைனமோ முழு மூச்சாகச் சுற்றினாலும் கொடுப்பது 22 ஆம்பியர். செருகும் ஹீட்டரால் கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் தெளியும், அவ்வளவுதான். அதை நம்பி நீண்ட பயணம் கிளம்பினால் மறுநாள் காலை வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும்.

இன்னொரு பக்கம், இன்ஜின் குடிக்கும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) வழியாக ரேடியேட்டருக்குப் போய் வெளிக்காற்றில் கரைகிறது. அதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டால் போதும். நீரால் குளிரும் இன்ஜின் உள்ள வண்டிக்கு வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

அப்படித் திருப்புவதற்கு முதலில் நீர் சூடாக இருக்க வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பழைய கார்களில் தெர்மோஸ்டாட், அதாவது நீர் சூடாகும் வரை ரேடியேட்டர் வழியை மூடிவைக்கும் வால்வு, இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பாதிக்குப் பாதி வண்டிகளில் யாரோ ஒரு காலத்தில் 'இன்ஜின் சூடாகிறது' என்று அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். என் காரிலும் அதன் இருப்பிடம் காலியாகத்தான் இருந்தது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் நீர் எந்த நேரமும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். பழைய வண்டியின் விசிறியோ பெல்ட்டில் கட்டிப்போட்டது. இன்ஜின் ஓடுகிற வரை அதுவும் ஓடும். குளிர்நாளில் நீர் வெதுவெதுப்பைத் தாண்டாது. அந்த நிலையில் எவ்வளவு பெரிய ஹீட்டர் வைத்தாலும் வெதுவெதுப்பான காற்றைத்தான் ஊதும்.

மைனருக்கு வழக்கமான தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸில் திறக்கும். குளிர்காலத்துக்கென்று 88 டிகிரி வகையும் உண்டு. வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய வண்டிகளில் 74 டிகிரி வகை இருக்கலாம். புதிதாக வாங்கியதையும் சோதித்துவிட்டுப் போடுங்கள். ஒரு பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்து அடுப்பை ஏற்றினால் எந்த வெப்பத்தில் வாய் திறக்கிறது என்பது கண்முன் தெரிந்துவிடும். என் காரில் 88 டிகிரி வகையைப் போட்டேன். பெட்டி வருவதற்கு முன்பே இன்ஜின் ஓட்டத்தில் ஒரு மாற்றம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுத்துவைக்கும் சோக்கைச் சீக்கிரம் உள்ளே தள்ள முடிந்தது. ஹீட்டர் வேண்டாம் என்று கடைசியில் முடிவு செய்கிறவர்களும் இதை மட்டுமாவது செய்யலாம்.

அடுத்தது சேறு. இரும்பு இன்ஜினில் வருஷக்கணக்கில் வெறும் தண்ணீர் ஓடினால் துருவும் உப்பும் சேர்ந்து பிளாக்கின் அடியில், குறிப்பாகப் பின்பக்கம், செம்மண் குழம்பாக உட்கார்ந்துவிடும். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து நீர் தெளிவாக வந்தால் அதை நம்பக்கூடாது. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயைத் திறக்க வேண்டும். என்னுடையதைத் திறந்தபோது ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்திக் கிளறிய பிறகுதான் கட்டியாக விழ ஆரம்பித்தது. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஹீட்டர் கோரின் (பெட்டிக்குள் சுடுநீர் ஓடும் சின்ன ரேடியேட்டரின்) குழாய்கள் பெரிய ரேடியேட்டரைவிடக் குறைவு, நீர் போகும் வேகமும் குறைவு. பிளாக்கில் கிளம்பும் அழுக்கு முதலில் போய்த் தங்குகிற இடம் அதுதான். தோட்டத்துக் குழாயை ஓடும் திசைக்கு எதிராகப் பொருத்தி, வெளியே வரும் நீர் வெள்ளையாகும் வரை அலசிவிட்டுத்தான் புதுக் கோரைத் தொட வேண்டும்.

இனி நீர்வழி. சூத்திரம் எளிது: தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் இன்ஜின் பக்கமிருந்து எடு, வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் திருப்பிக் கொடு. அப்போதுதான் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதே ஹீட்டருக்குச் சுடுநீர் வரும். பம்பின் தள்ளலும் இழுப்பும் இரண்டும் சேர்ந்து நீரைக் கோருக்குள் ஓட்டும். ஏ-சீரிஸில் இதற்கான வழியைத் தொழிற்சாலையிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள். பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட்டின் பின்முனையில், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரை) ஒட்டி, இரண்டு ஸ்டட்களில், அதாவது திருகுத் தண்டுகளில், ஒரு சின்ன மூடித் தகடு நிற்கும். அதை எடுத்துவிட்டு ஹீட்டர் வால்வை அதே ஸ்டட்களில் உட்கார வைக்கலாம். திரும்பி வருவதற்கு, ஒரு கிளை வாய் உள்ள கீழ் ரேடியேட்டர் ஹோஸ் கிடைக்கிறது.

அந்த ஸ்டட்களில் அவசரம் காட்டக்கூடாது. அறுபது வருஷத் துரு. துரு இளக்கும் எண்ணெயைச் சில நாள் தொடர்ந்து ஊற்றி, இன்ஜின் சூடாக இருக்கும்போது நட்டை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துத்தான் எடுத்தேன். ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். பிறகு இது ஹீட்டர் வேலையாக இருக்காது. வேறு இன்ஜின்களில் தகட்டுக்குப் பதில் சதுரத் தலை வைத்த ஒரு பிளக் திருகியிருக்கும். அதற்கும் இதே பொறுமைதான். சில ஹெட்களில் வார்ப்பில் ஒரு மேடு மட்டும் இருக்கும், துளை இருக்காது. அங்கே ட்ரில்லை எடுக்குமுன் அதே இன்ஜினில் துளை போட்ட இன்னொரு ஹெட்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு 'டி' இணைப்பு போட்டுச் சுடுநீர் எடுப்பது பலர் செய்கிற குறுக்குவழி. அந்த லேண்ட் ரோவரில் முந்தைய உரிமையாளர் அப்படித்தான் செய்திருந்தார். தெர்மோஸ்டாட் திறந்த பிறகுதான் மேல் ஹோஸுக்குச் சுடுநீரே வரும். குளிர்காலையில் ஹீட்டர் அவசியப்படும் முதல் பதினைந்து நிமிஷமும் அது பச்சைத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருந்தது. இணைப்பை ஹெட் பக்கம் மாற்றியதும் அதே பழைய ஹீட்டர் புதிதுபோல வேலை செய்தது.

வாட்டர் பம்பே இல்லாத இன்ஜின்களும் உண்டு. ஃபோர்டு மாடல் டி போல, சூடான நீர் மேலே ஏறும் இயல்பை மட்டும் நம்பிச் சுற்றுபவை. அங்கே ஹீட்டர் கோர் வழியாக நீரைத் தள்ள எதுவும் இல்லை. சின்ன மின் பம்ப் ஒன்றைச் சேர்த்தால் ஓரளவு ஓடும். அந்தக் காலத்தவர்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் ஒரு தகரக் கூடு போட்டு, அதில் சூடாகும் காற்றைத் தரைத் துளை வழியாக உள்ளே விட்டார்கள். மேனிஃபோல்டு இணைப்பு லேசாகக் கசிந்தாலும் புகை நேராக முகத்துக்கு வரும் அமைப்பு அது. கண்காட்சியில் வைத்துப் பார்க்க அழகாக இருக்கும்.

ஹோஸ் விஷயத்தில் இரண்டே சொல்கிறேன். ஹீட்டர் ஹோஸ் என்றே விற்பதை வாங்குங்கள், பெட்ரோல் ஹோஸ் இதற்கு ஆகாது. ஹோஸ் இணைப்பு எதுவும் கேபினுக்குள், கால் இருக்கும் இடத்துக்கு மேலே வரக்கூடாது. உள்ளே ஓடுவது 80, 90 டிகிரி நீர், அதுவும் அழுத்தத்தில். ஓட்டும்போது கிளாம்ப் நழுவினால் அது ஓட்டுபவரின் பாதத்தில்தான் கொட்டும். நான் பித்தளைக் குழாய் இரண்டை ஃபயர்வாலில் ஊடுருவ விட்டு, இணைப்புகளை முடிந்தவரை பேனட் பக்கமே முடித்தேன். கோரின் வாயில் வரும் இரண்டு இணைப்புகளைத் தவிர்க்க முடியாது. அவற்றைச் சுற்றி ஒரு தகட்டு மறைப்பு வைத்தேன். துளையின் விளிம்பை அரம் போட்டு மழுக்கி, ரப்பர் க்ரோமெட் மாட்டாமல் ஹோஸையோ வயரையோ நுழைக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் க்ரோமெட் இல்லாத துளைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பழைய கோரை வாங்கினால் சோதனை வீட்டிலேயே முடியும். ஒரு வாயை அடைத்து, மறு வாயில் சைக்கிள் பம்பை இணைத்து, பக்கெட் நீரில் முக்கிக் காற்றைக் கொடுத்தால் ஓட்டை இருக்குமிடத்தில் குமிழி வரும். மைனரின் ரேடியேட்டர் மூடி 7 பி.எஸ்.ஐ அழுத்தத்துக்கானது, அதற்கு முந்தையவற்றில் 4 கூட உண்டு. சோதனைக்குப் பத்து போதும். முப்பது நாற்பது ஏற்றி நல்ல கோரைக் கிழிக்க வேண்டாம். அதே காரணத்துக்காக, புதுக் காரின் 15 பி.எஸ்.ஐ மூடியைப் பழைய ரேடியேட்டரில் மாட்டுவதும் வேண்டாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் நான் பெட்டியைத் தேடினேன். எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் வகை, இரண்டு வேகம், நான்கு காற்று வாய். வாங்குமுன் அதன் அளவில் அட்டைப் பெட்டி ஒன்றைச் செய்து டேஷ்போர்டுக்கு அடியில் ஒட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் உட்காருபவரின் முழங்கால் இடிக்கிறதா, கியர் போடும் கை தட்டுகிறதா, பெடலுக்கு மேலே வயர் தொங்குமா எல்லாம் அதில் தெரிந்துவிடும். முதலில் நினைத்த அளவு பெட்டி முழங்காலில் இடித்தது, ஒரு அளவு சின்னதாகத்தான் வாங்கினேன். அதனால் சூட்டில் குறை ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சின்ன கேபினுக்கு அதுவே அதிகம். இன்னொன்று, பெட்டியை மாட்டும்போதே கழற்றும் வழியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றை ஊதும் ப்ளோயர் மோட்டாரோ கோரோ என்றாவது ஒரு நாள் வெளியே வந்தே தீரும்.

இப்போது காற்று. சூட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஆனால் ஹீட்டரின் முதல் வேலை கண்ணாடியைத் தெளிய வைப்பதுதான். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்ளலாம். பனி படர்ந்த கண்ணாடிக்கு என்ன போடுவது?

உள்ளிருக்கும் காற்றையே இழுத்துச் சூடாக்கித் திரும்ப விடுவது ஒரு வகை. அந்த லேண்ட் ரோவரில் இருந்த வட்டமான ஸ்மித்ஸ் ஹீட்டர் அந்த ரகம். சீக்கிரம் சூடாகும். ஆனால் மூச்சுக்காற்றின் ஈரம், நனைந்த செருப்பின் ஈரம், கார்பெட் ஈரம் எல்லாம் உள்ளேயே சுற்றும். கார் கதகதப்பாகும், கண்ணாடி மட்டும் மங்கியே இருக்கும். வெளிக்காற்றை இழுத்துச் சூடாக்குவது மற்ற வகை. சுழியம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியைத்தான் வைத்திருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம் தாங்கும். ஆக, வெளியே மழையே பெய்தாலும், அந்தக் குளிர்ந்த காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். கண்ணாடியிலுள்ள ஈரத்தை அது குடித்துவிடும். வெளியிலிருந்து வருவது ஈரக்காற்றுதானே, அதை ஏன் உள்ளே விட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

அதனால் நான் வாங்கிய பெட்டியின் உறிஞ்சு வாயில் ஒரு மடிப்புக் குழாயை மாட்டி, முன் கிரில்லுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன். நடுவில் ஒரு கதவுத் தகடு. கிளம்பும்போது சில நிமிஷம் உள்காற்று, பிறகு வெளிக்காற்று. வெளிக்காற்றை எடுக்கும் இடத்தில் சோம்பல் கூடாது. பேனட்டுக்குள் எங்கோ குழாயை விட்டுவிட்டால் எண்ணெய் வாடையும், எக்ஸாஸ்ட் இணைப்பு கசிந்தால் கார்பன் மோனாக்சைடும் நேராகக் கேபினுக்கு வரும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கக் கலக்கமும்தான் அறிகுறி, அதை ஓட்டிய களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். பேட்டரியில் ஓடும் சின்ன எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் காரில் வைத்திருக்கிறேன். எந்த ஹீட்டராக இருந்தாலும் வையுங்கள்.

இவ்வளவு செய்தும் முதலில் காற்று சரியாக வரவில்லை. மோட்டார் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, வாயில் கை வைத்தால் சும்மா ஒரு மூச்சு. குழாயைக் கழற்றிப் பார்த்தேன், அடைப்பு ஒன்றும் இல்லை. வண்டியைப் பார்க்க வந்த வயதான மெக்கானிக் ஒருவர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. பின்பக்கக் கதவின் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினார். உடனே காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. "உள்ளே வர வழி பண்ணிட்டீங்க தம்பி, வெளியே போக வழி எங்கே?" என்றார். கதவு ரப்பர்களையெல்லாம் புதிதாக மாற்றி, தரைத் துளைகளை அடைத்து, கியர் லீவரைச் சுற்றி உறை போட்டுக் காரை இறுக்கமாக்கி வைத்திருந்தேன். அது குளிர் நுழையாமலிருக்கத் தேவைதான். ஆனால் காற்று வெளியேறவும் இடம் இல்லாமல் போனது. கார் கம்பெனிகளே இதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டன. 1964 இறுதியில் ஃபோர்டு கார்ட்டினாவில் 'ஏரோஃப்ளோ' என்ற பெயரில், பின்தூண்களில் காற்று வெளியேறும் வழியோடு வந்த அமைப்பு பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. நம் பழைய வண்டிகளில் பின் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிவைப்பதுதான் ஏரோஃப்ளோ.

காற்று வாய்களில் இரண்டைக் கண்ணாடிக்கும் இரண்டைக் காலுக்கும் பிரித்தேன். கண்ணாடிக்குப் போகும் குழாய் எவ்வளவு குட்டையாகவும் வளைவு குறைவாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

மின்சாரத்தில் பழைய கார்களுக்கென்று சில விசேஷங்கள் உண்டு. மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். இன்று விற்கும் ஹீட்டர் மோட்டார்கள் பெரும்பாலும் நிலைக்காந்த வகை. முனைகளை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். உருளை வடிவ ப்ளோயர் விசிறிக்கு ஒரு குணம், எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்று வெளியேதான் வரும், ஆனால் பலம் இருக்காது. அதனால் தப்பாக இணைத்திருப்பதே தெரியாமல் 'இந்தக் கம்பெனி ஹீட்டர் சரியில்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மோட்டாரின் எதிர்முனை வயர் பெட்டியின் உலோகத்தோடு தொட்டிருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள். தொட்டிருந்தால், பாசிட்டிவ் எர்த் வண்டியில் பெட்டியை உடலிலிருந்து விலக்கி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். என்னுடையதில் இரண்டு வயரும் தனித்தனியாக வந்ததால் தப்பித்தேன்.

பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அந்த ஃபியூஸின் தலையிலேயே ஹீட்டரையும் கட்டாமல், பேட்டரி பக்கமிருந்து தனி வயர், தனி ஃபியூஸ், நடுவில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) என்று கொடுத்தேன். சாவி போட்டால் மட்டும் ரிலே இழுக்கும்.

அடுத்து டைனமோவின் கொடுக்கல் வாங்கல். இரவு, மழை. முன்விளக்குகளுக்கு ஏழெட்டு ஆம்பியர், பின்விளக்குகள், வைப்பர், இக்னிஷன் காயில் எல்லாம் சேர்ந்து இன்னும் ஏழெட்டு. அதற்கு மேல் ப்ளோயரை முழு வேகத்தில் விட்டால் 22 ஆம்பியரைத் தொட்டுவிடும். வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய எதுவும் கொடுக்காது. நெரிசலில் நிற்கும்போது பேட்டரிதான் எல்லாவற்றையும் சுமக்கிறது. நான் செய்வது எளிது: நிற்கும்போது ப்ளோயரைக் குறைந்த வேகத்துக்கு இறக்கிவிடுவேன். அடிக்கடி இரவில் ஓட்டுபவராக இருந்தால் ஆல்டர்னேட்டர் போடுவதுதான் வழி. அதற்கு நெகட்டிவ் எர்த் மாற்றமும் கூடவே வரும். பழமை கெடுமே என்று வருந்துபவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

எல்லாம் மாட்டி நீர் நிரப்பும்போது ஹீட்டர் வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பாதிப் பாதி ஆன்டிஃப்ரீஸ் கலவை, அது ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, துருவையும் தடுக்கும். வண்டியின் மூக்கைச் சற்று மேட்டில் ஏற்றி நிறுத்தி, மெதுவாக ஊற்றி, கோரிலிருந்து திரும்பும் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தினால் முதலில் காற்று சீறும், பிறகு நீர் வரும். அப்போது இறுக்க வேண்டும். ஹீட்டர் கோர் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் இருக்கும் வண்டிகளில் இது இல்லாமல் நடக்கவே நடக்காது.

அதன் பிறகு ஹீட்டர் சூடு தராவிட்டால் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். ஒன்று சுடுகிறது, மற்றது குளிர்ந்திருக்கிறது என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது கோர் அடைத்திருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட். இரண்டும் சுட்டு, உள்ளே வரும் காற்று மட்டும் சில்லென்று இருந்தால் நீரில் குறையில்லை, காற்று கோரின் வழியாகப் போகாமல் பக்கவாட்டு இடுக்கில் நழுவுகிறது. கோரின் ஓரங்களில் பஞ்சுப் பட்டை ஒட்டினால் சரியாகும். உள்ளே தித்திப்பான வாடை வந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு படலம் துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தால் கோர் கசிகிறது. ஆன்டிஃப்ரீஸ் இனிக்கும், ஆனால் விஷம். நாய், பூனை நக்கிவிடாமல் கீழே சிந்தியதை உடனே கழுவுங்கள்.

காற்றால் குளிரும் இன்ஜின் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன நீர்க்கதை உதவாது. பீட்டிலில் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி வெப்ப மாற்றிகள் இருக்கின்றன. அவற்றில் சூடாகும் காற்று வண்டியின் பக்கவாட்டுக் கால்வாய்கள் வழியாக முன்னே வரும். நண்பரின் பீட்டிலில் அந்தக் கால்வாய்கள் துருப்பிடித்துச் சல்லடையாக இருந்தன. சூடெல்லாம் வழியிலேயே இறங்கிப் போனது. அவர் வேறு ஹீட்டர் தேடிக்கொண்டிருந்தார். கால்வாயைத் தகடு வைத்து வெல்ட் செய்ததும் தேடல் நின்றது. அந்த வெப்ப மாற்றிகள் ஓட்டையாகிவிட்டால் மட்டும் சமரசமே கூடாது, புகை உள்ளே வரும்.

எரிபொருளைத் தானே எரிக்கும் ஹீட்டர்கள் புதிதல்ல. ஃபோக்ஸ்வாகனே எபர்ஸ்பேச்சர் என்ற கம்பெனியின் பெட்ரோல் ஹீட்டரைக் கூடுதல் பொருளாகக் கொடுத்தது. இப்போது பரவலாக வாங்கப்படுபவை 2 கிலோவாட், 5 கிலோவாட் டீசல் ஹீட்டர்கள். நண்பரின் வேனில் அது அருமையாக வேலை செய்கிறது, இன்ஜின் ஓட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் ஒரு சின்ன பெட்ரோல் காருக்கு அதை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனி டீசல் டாங்க், தனி எக்ஸாஸ்ட், இரண்டுக்கும் பாதுகாப்பான இடம் என்று பெட்டியைவிடச் சுற்றுவேலை பெரிது. வைத்தே ஆக வேண்டுமென்றால், எரிப்புக்கான காற்று உறிஞ்சும் குழாயும் புகைக்குழாயும் இரண்டுமே கேபினுக்கு வெளியே முடிய வேண்டும். புகைக்குழாயின் வாய் வண்டியின் வயிற்றுக்கு அடியில் நிற்கக்கூடாது. பற்றவைக்கும்போது எட்டு, பத்து ஆம்பியர் இழுக்கும், அதற்கேற்ற வயர் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி சுவிட்சைத் தட்டி அணைக்கக்கூடாது. அணைக்கச் சொன்ன பிறகும் சில நிமிஷம் விசிறி ஓடித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், அதற்கு விட வேண்டும். எப்போதும் குறைந்த சூட்டிலேயே ஓட்டினால் உள்ளே கரி படியும், அவ்வப்போது முழுச் சூட்டில் ஓட்ட வேண்டும். பெட்ரோல் போடும் இடத்தில் கட்டாயம் அணைத்திருக்க வேண்டும். வாகன ஹீட்டர்களுக்கென்றே ஐ.நா. ஒழுங்குமுறை 122 என்று ஒன்று இருக்கிறது. அதற்கு உட்பட்டது என்ற முத்திரை உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போது, எல்லாக் கிளாம்புகளையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். புது ரப்பர் சூட்டில் அமுங்கும். வெயில் காலத்தில் ஹீட்டர் வால்வை மூடியே மறந்துவிடாமல் எப்போதாவது ஒரு முறை திறந்து மூட வேண்டும், இல்லாவிட்டால் அது இறுகிப்போய் அடுத்த குளிருக்கு அசையாது. அப்படி இறுகிவிட்டால் கேபிளைப் பிடித்து இழுக்காமல் வால்வைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.

கோடையிலும் ஒரு உபயோகம் உண்டு. நீண்ட ஏற்றத்தில் வெப்பமானி முள் சிவப்பை நோக்கிப் போனால் ஹீட்டரை முழுதாகத் திறந்து ப்ளோயரை முழு வேகத்தில் விடுங்கள். அது இன்னொரு சின்ன ரேடியேட்டராக வேலை செய்து, ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும் வரை முள்ளைப் பிடித்து வைக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் திட்டுவார்கள்.